பெர்ஷியனா சயாமீஸா

ஏப்ரல் 27, ஞாயிறு

கம்பெனியில் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார்கள். ஒரு வருஷமும் நான் ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தம்பி லோகநாதன். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "அக்கா, உனக்குத் தொணையா ஒரு பூனை வாங்கலாமா?" என்று கேட்டான்.

எனக்கு எதற்குத் துணை? இந்த வீட்டில் நான் இருக்கிறேன், லோகு இருக்கிறான், அவன் மனைவி வான்மதி இருக்கிறாள். ஆள் இருக்கிற வீட்டில் எனக்கு மட்டும் தனியாகத் துணை வாங்கித் தருகிறேன் என்றால், இருக்கிற ஆட்கள் எங்கேயோ கிளம்பப் பார்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இல்லாவிட்டால் என்னைக் கிளப்பப் பார்க்கிறார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

கல்யாணமாகிப் போய், அது சரிப்படாமல், இதே வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். பிள்ளை குட்டி இல்லை. பிறகு அப்பா அம்மா போனார்கள், லோகு தலையெடுத்தான், வான்மதி வந்தாள். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பூனை என்றதும் மனசு ஒரு குதி குதித்ததையும் எழுதிவிடுகிறேன். பொய் எழுதுவதற்கு டைரி எதற்கு?

மே 4, ஞாயிறு

போத்தனூரில் மெஹருன்னிசா என்று ஓர் அம்மா மாடி முழுக்கப் பூனை வளர்க்கிறாராம். வான்மதி எங்கேயோ விசாரித்து நம்பர் வாங்கியிருக்கிறாள். மூன்று பேரும் வீடியோ காலில் உட்கார்ந்தோம். அங்கே இரண்டு ஜாதி. இரண்டிலும் குட்டி இருக்கிறது.

முதலில் பெர்ஷியன். சந்தன நிறம், உடம்பெல்லாம் பஞ்சு. மூக்கை யாரோ கட்டை விரலால் உள்ளே அமுக்கிவிட்ட மாதிரி சப்பை முகம். தலையணை போல உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. என்ன நினைக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது சயாமீஸ். ஒல்லி. கரிச்சட்டிக்குள் முகத்தை விட்டு எடுத்தது மாதிரி மூஞ்சி மட்டும் கறுப்பு, கண் நீலம். போன் அணைக்கும்வரை கத்திக்கொண்டே இருந்தது.

"பெர்ஷியன் மகாராணிம்மா. வச்ச எடத்துல இருப்பா. ஆனா தெனமும் சீவி விடணும், கண்ணுல தண்ணி வடியும், தொடைக்கணும், வெயில் ஆகாது. சயாமீஸ் வாயாடி. பசிச்சாலும் சொல்லும், பசிக்கலைன்னாலும் சொல்லும். தனியா விட்டீங்கன்னா வீட்டை ரெண்டாக்கிடும்" என்றார் அந்தம்மா.

எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. சயாமீஸ்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஜாதி.

"பெர்ஷியன் அழகா இருக்குதுங்க்கா" என்றாள் வான்மதி, தரையைப் பார்த்துக்கொண்டு.

வான்மதி நல்ல பெண்தான். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். ஒரு மனுஷிக்கு எப்படி ஒரு தடவைகூடக் கோபம் வராமல் இருக்கும்? அவளும் பெர்ஷியன் ஜாதி. உள்ளே என்ன ஓடுகிறது என்று முகத்தில் தெரியாது.

மே 11, ஞாயிறு

சயாமீஸ் என்று முடிவாயிற்று. வான்மதி சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாள். இருபத்தைந்தாம் தேதி போய்த் தூக்கி வருவதாக ஏற்பாடு. ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடிக்க ஆசாரி வந்தார். பூனை வெளிக்குப் போக மண் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்கினேன். சாயங்காலம் அரிசி மாவு அரைத்தேன். கிரைண்டரில் கல் சத்தம் வருகிறது, பார்க்கவேண்டும்.

மே 22, வியாழன்

கம்பெனியில் குழந்தைகள் பனியன் ஒரு லாட் முழுக்க ஊசி ஓட்டை. செக்கிங் செக்‌ஷனில் நான் இருபது பெண்களுக்கு மேலே இருக்கிறேன். துணியை விளக்குக்கு முன்னால் பிடித்தால் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் எனக்குத் தானாகத் தெரியும். மானேஜர், "கலாமணி பார்த்தாச்சுன்னா பெட்டியை ஒட்டிரலாம்" என்பார்.

வீட்டுக்கு வந்தால் வான்மதி காபி கொடுத்துவிட்டு நின்றாள். "அக்கா, பெர்ஷியனே வாங்கிக்கலாமுங்களா? சயாமீஸ் ரொம்பக் கத்துமாமுங்க."

அவள் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். நெஞ்செரிச்சலாம்.

மே 25, ஞாயிறு

போத்தனூர் போகவில்லை.

காலையில் நானே பெரிய மனசு பண்ணி, "சரி, பெர்ஷியனே இருந்துட்டுப் போகட்டும், கெளம்புங்க" என்றேன். இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எடுத்த முடிவு. வான்மதி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பெர்ஷியன்னா முடி கொட்டுமுங்களே. சோத்துல விழுந்தா ஆகாது. சயாமீஸே நல்லதோ என்னமோ."

"அதைத்தானே நான் மொதல்லயிருந்து சொல்றேன்? அப்ப சயாமீஸ். கெளம்பு."

"அது தனியா இருக்காதாமுங்க. நாம மூணு பேரும் வேலைக்குப் போயிருவோம். பாவமில்லீங்களா?"

நான் எந்தப் பக்கம் போனாலும் இவள் மறுபக்கம் போய் நிற்கிறாள். லோகுவைப் பார்த்தேன். ஃபேனில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். "அடுத்த மாசம் பாக்கலாம் அக்கா. அவசரமென்ன?" என்றான். பூனை வேண்டுமென்று நான் கேட்டேனா? இவன்தானே கேட்டான்?

ஜூன் 1, ஞாயிறு

கண்ணில் பட்டவை. வான்மதி ஸ்கூட்டியைத் தொடுவதில்லை. தினமும் லோகு காரில் கொண்டுபோய் ஆடிட்டர் ஆபீஸில் விட்டுவிட்டு வருகிறான். என் கம்பெனியும் அதே வழிதான். என்னை ஏறு என்று ஒரு நாள் சொல்லவில்லை. நான் வாங்கி வந்த பப்பாளியை வெட்டக்கூட இல்லை, வேலைக்கு வரும் பாப்பாத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நான் கிண்டிய எள்ளுருண்டை டப்பாவோடு இருக்கிறது.

என் கை பட்டது எதுவும் அவளுக்கு ஆகவில்லை. முன்பெல்லாம் இப்படி இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

வான்மதியின் அம்மா, காங்கேயத்து அத்தை, பெரிய பையோடு வந்து இறங்கியிருக்கிறார். மாசத்தில் இது இரண்டாம் தடவை.

நான் கறி வாங்கி வருவதற்குள் சமையலறையில் உப்பும் மிளகாயும் அடுப்பில் போட்டுப் பொசுக்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே பேச்சு கேட்டது. "நெடியே இல்ல பாரு. தும்மலே வருல. அத்தன கண்ணு! கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது வானு."

என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "வா அம்மணி. ஊட்டுக்குச் சுத்திப் போட்டேன். ஆமா, பூனை வாங்கப் போறீங்களாமா? எதுக்கு அந்தச் சனியன்? பூனை முடி வயித்துக்குள்ள போனா லேசுல விடாது."

"பெர்ஷியனுக்குத்தான் முடி அத்தை. சயாமீஸுக்கு ரொம்பக் கொட்டாது."

"எந்த மீசாயிருந்தா என்ன? பூனை பூனைதான்."

கறி நன்றாக வெந்திருந்தது. அத்தை எனக்குத்தான் முதலில் போட்டார். அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

லோகு டேப்பை வைத்து என் அறையை அளக்கிறான்! தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்பியவள் கதவோரம் நின்று பார்த்தேன். ஜன்னலிலிருந்து கட்டில்வரை, கட்டிலிலிருந்து பீரோவரை. "என்னடா?" என்றதும் டேப் சர்ரென்று சுருண்டுகொண்டது. "ஏசி போடலாம்னு பாத்தேன். பெர்ஷியனுக்கு வெயில் ஆகாதில்ல?"

பூனை எது என்றே முடிவாகவில்லை, அதற்குள் ஏசியா? யாருக்குக் காது குத்துகிறான்?

இவர்கள் அறைக்கு அடுத்த அறை என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் வான்மதி உண்டாகியிருந்தபோது இதே அறைக்குக் கதவு வைத்து இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அப்போது அவள் முதன்முதலில் சொன்னது என்னிடம்தான். புருஷனுக்குக்கூட அப்புறம்தான். செக்கிங் ஹால் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். நாலாம் மாசம் இல்லையென்றாகிவிட்டது. அந்தப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை, நானும் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஒருவேளை மறுபடியும் அதுதானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லை. அதுவாக இருந்தால் என்னிடம்தானே முதலில் சொல்லியிருப்பாள்?

என்னை வெளியேற்றத்தான் அளக்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பாப்பாத்தி வான்மதியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கிரைண்டர் கல் கொத்தியாயிற்று.

ஜூலை 6, ஞாயிறு

இவர்களை நம்பினால் ஆகாது என்று நானே போத்தனூருக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டேன். சயாமீஸைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் விட்டுவிட்டால் என்ன செய்வார்கள் பார்க்கலாம் என்று ஒரு வீம்பு.

மெஹருன்னிசா அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். மாடியில் பூனை வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து அடித்தது. பெர்ஷியன் குட்டி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து என்னை மதிக்கவே இல்லை. சயாமீஸ் குட்டி வாசலிலிருந்து கத்திக்கொண்டே பின்னாலேயே வந்து மடியில் ஏறிவிட்டது. ஒரு கை அளவு உடம்பு, அதற்குள் இவ்வளவு சத்தம்.

"இதையே எடுத்துட்டுப் போறேனுங்க" என்றேன்.

அந்தம்மா தயங்கினார். "இப்பவேவாம்மா? உங்க தம்பி வீட்டம்மா வேற மாதிரியில்ல சொன்னாங்க?"

"என்ன சொன்னா?"

"போன மாசமே போன் பண்ணாங்க. மாசமா இருக்காங்களாமே, மூணு மாசம் முடியட்டும், அப்பறம் டாக்டரைக் கேட்டுட்டு வாங்கறோம், அதுவரைக்கும் யார் கேட்டாலும் இந்தக் குட்டியா அந்தக் குட்டியான்னு பேசிட்டே இருங்கன்னாங்க. நான்கூட, பயப்படாதீங்க, பூனை இருந்தா தப்பில்ல, அது பேண்ட மண்ணை மட்டும் நீங்க அள்ளாதீங்கன்னு சொன்னேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே. ஊட்ல மொதல்ல எனக்குத்தானே தெரியும்? மறந்தே போய்ட்டேன் பாருங்க" என்று சிரித்தேன்.

அந்தம்மா எழுந்து உள்ளே போனார். ரோஸ் மில்க் கொண்டு வந்து கொடுத்தார். குட்டி மடியில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அதை இறக்கி விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

முகம் தெரியாத பூனைக்காரிக்குச் சொல்லத் தோன்றியிருக்கிறது. எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ஜூலை 7, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

பாப்பாத்திக்குத் தெரியும். இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும், "மேடத்தைப் படி எறங்கி வர வேண்டாம்னு சொல்லுங்க" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதுளம்பழம் கொடுத்து அனுப்புகிறார்கள். லோகு டேப்பை வைத்து அளந்தது தொட்டிலுக்கு இடம் பார்க்கத்தான் என்று இப்போது தெரிகிறது. மூணு மாசம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம்தான், எனக்கும் தெரியும். வெளியே என்றால் ஊராரை என்று இத்தனை வயசுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வான்மதிக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன். "என்ன வான்மதி, மொகமெல்லாம் தெளிவா இருக்குது?" என்றேன். "அப்படீங்களா? வெயில் கொறஞ்சிருச்சில்லீங்க" என்றாள். "மாங்கா ஊறுகாய் போடட்டுமா?" என்றேன். "பெர்ஷியனா சயாமீஸான்னு யோசிச்சீங்களாக்கா?" என்று பேச்சை மாற்றினாள். எமகாதகி. நானும் சளைக்காமல் பெர்ஷியன் என்றேன். அவள் சயாமீஸ் என்றாள். இல்லாத பூனையை நடுவில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்று நினைக்குமாம். இங்கே பூனை யார் என்பதுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

சொல்லிவிட்டார்கள்.

இந்த வாரம் சொல்வார்கள் என்று அத்தை பையோடு வந்தபோதே தெரிந்துவிட்டது. கண்ணாடி முன்னால் ஆச்சரியப்பட்டுப் பழகிக்கூட வைத்திருந்தேன். தெரியாத மாதிரியே நடித்து, இவர்கள் என்னிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று இருந்தேன்.

காலையில் பூஜை முடிந்து, அத்தை வெல்லக் கச்சாயம் சுட்டுத் தட்டில் வைத்தார். லோகு தொண்டையைச் செருமினான். "அக்கா, ஒரு நல்ல சேதி. நீ அத்தையாகப் போற."

"நெசமாவா!" என்று கத்தினேன். நன்றாகவே வந்தது. எழுந்து வான்மதியின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினேன். அவள் லேசாகத் தலையைச் சாய்த்தாள். அப்போதுதான் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டு. கைக்குழந்தைக்கு வைப்பது மாதிரி, ஈரம் காயாமல், விரல் ரேகையோடு.

அவள் இன்று எங்கேயும் போகவில்லை. வீட்டுக்கு யாரும் வரவும் இல்லை. காலையில் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது அது அங்கே இல்லை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், இல்லாததை நன்றாகப் பார்த்திருக்கிறேன். இந்தச் சேதியை என்னிடம் சொல்வதற்கு என்று வைத்த பொட்டு அது. ஜூன் மாசம் மிளகாய் பொசுக்கியது யார் கண்ணுக்கு என்பதும் இப்போது புரிந்தது.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தட்டிலிருந்து ஒரு கச்சாயத்தை எடுத்துக்கொண்டேன். பதமாக வந்திருக்கிறது அத்தை என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அழுதேன். எழுதிவிட்டேன், இனி அதைப் பற்றி எழுத வேண்டாம்.

அத்தைமேல் கோபப்பட முயற்சி செய்து பார்த்தேன். திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தையெல்லாம் வந்தது. ஆனால் நடுவில் வேறொன்று குறுக்கே வந்து நிற்கிறது. போத்தனூரில் அந்தம்மா சொன்ன நொடியில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அன்றைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன் என்று பொய் எழுதவில்லை, நல்லவேளை. வயிற்றில் சுரீரென்று ஒன்று இழுத்தது. இவளுக்குக் கிடைத்துவிட்டது என்று இருந்தது. மறைத்துவிட்டார்களே என்ற கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது. கோபத்தைத்தான் எழுதினேன், அதை எழுதவில்லை.

இந்த வீட்டில் எல்லார்மேலும் சந்தேகப்பட்டாயிற்று, என்னைத் தவிர. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் முதலில் என்னிடம் வந்து சொன்னபோது, மைசூர்பாகு வாங்க ஓடினேனே, அப்போதாவது முழுச் சந்தோஷமா? எனக்கு நினைவில்லை. யாராவது என்னைப் பிடித்து உட்காரவைத்து, இல்லை கலாமணி, அது உன்னால் இல்லை என்று சொன்னால் தேவலை. யாரிடம் போய்க் கேட்பது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வான்மதியைப் பார்ப்பதில்லை. பேசினால் காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்கிறேன். அவள் எழுவதற்கு முன்னால் கம்பெனிக்குப் போய்விடுகிறேன். சாப்பாட்டுத் தட்டை அறைக்கு எடுத்து வந்துவிடுகிறேன். கம்பெனி லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம், வார்டன் தெரிந்தவள்தான். செப்டம்பர் முதல் தேதி போய்விடலாம் என்று இருக்கிறேன். இவர்கள் என்னைக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று நாலு மாசமாகப் பொருமினேன். கடைசியில் நானே கிளம்புகிறேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் சரி.

அத்தையிடம் சொன்னபோது, "எதுக்கு அம்மணி அங்கெல்லாம்?" என்றார். இரண்டாம் முறை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். வான்மதி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் பீரோவைப் பார்த்துக்கொண்டு அடுக்கினேன்.

"எம் மூஞ்சியைப் பாத்து மூணு வாரமாச்சுங்க்கா."

"வேலை ஜாஸ்தி."

"என்னையப் பாருங்க்கா."

"பாத்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" சொல்லக்கூடாது என்று இருந்தேன், வாய் முந்திக்கொண்டது. "அந்த மையை நான் பாத்தேன் வான்மதி. எங்கண்ணுல பட்டது தப்பாது."

இந்த வீட்டுக்கு வந்த எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் குரல் உயர்ந்தது.

"அம்மாதான் வெச்சாங்க. நான் வேண்டாம்னு சொல்லுலீங்க, அது என் தப்புத்தான். எனக்கு அதுல நம்பிக்கையில்லீங்க்கா. ஆனா பயம் இருந்துச்சு. போன தடவ என்னென்ன பண்ணுனனோ அதையெல்லாம் இந்தத் தடவ மாத்திச் செஞ்சா நிக்கும்னு ஒரு கிறுக்கு. டாக்டரை மாத்துனேன். அப்பக் கட்டுன சேலையெல்லாம் பாப்பாத்திக்குக் குடுத்துட்டேன். போன தடவ மொதல்ல உங்ககிட்டச் சொன்னேன். இந்தத் தடவ கடைசியாச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். உங்களுக்குச் சொல்லாம இந்தப் பூனையா அந்தப் பூனையான்னு ஓட்டுறதுக்குள்ள எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? உங்க ரூமைத் தேடி நாலு தடவ வந்துட்டுத் திரும்பிப் போனேன்."

நம்பலாமா என்று யோசித்தேன். பாதிதான் நம்ப முடிந்தது. மீதிப் பாதிக்கு நானே வாயைத் திறந்தேன்.

"உங்கம்மா நெனைக்கிறது ஒண்ணும் தப்பில்ல. போன மாசமே போத்தனூர் போயிருந்தேன், அந்தம்மா சொல்லிட்டாங்க. அப்ப எனக்குப் பொறாமையாத்தான் இருந்துச்சு."

"ஆமா, இருக்காதா பின்ன?" என்றாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. "எனக்கு இல்லாமயா இருந்துச்சு? போன தடவ போனதுக்கப்பறம் எங்க ஆபீஸ்ல ரெண்டு பேரு அடுத்தடுத்து வயித்தைத் தள்ளிட்டு வந்தாங்க. அவங்க வளைகாப்புல நின்னுட்டு மனசுக்குள்ள எரிஞ்சேன். பாக்காத பார்வையெல்லாம் பாத்தேன். ரெண்டு பேருக்கும் கல்லுக்குண்டாட்டப் புள்ள பொறந்துச்சு. எங்கண்ணுக்கு அவ்வளவுதான் சக்தி. உங்க கண்ணுக்கு மட்டும் எங்கிருந்துங்க்கா வந்துச்சு?"

இப்படி ஒரு வாய் இவளுக்கு இருக்கிறது என்பதே இன்றுதான் தெரிகிறது. இவளைப் போய்ப் பெர்ஷியன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். காலி செய்யவில்லை. ஹாஸ்டல் வார்டனிடம் இன்னும் வேண்டாமென்று சொல்லவில்லை. வான்மதியின் முகத்தையும் இன்னும் பார்க்கவில்லை. அவள் சொன்னது அறிவுக்குப் புரிகிறது, கழுத்துதான் திரும்பவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஒன்றாம் தேதி தாண்டியும் ஹாஸ்டலுக்குப் போகவில்லை, பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான். இன்று ஐந்தாம் மாச ஸ்கேன். குழந்தையின் உறுப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாம். லோகுவுக்கு ஈரோட்டில் வேலை, வர முடியவில்லை. வாடகைக் காரில் நானும் அத்தையும் கூடப் போனோம். நான் காருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பை தூக்குவதற்காக. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நர்ஸ் வந்து, "கூட ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம்" என்றாள். அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார்.

"அக்கா வரட்டுமுங்கம்மா" என்றாள் வான்மதி.

"யாரு?"

"அக்கா."

அத்தை நின்றபடியே என்னைப் பார்த்தார். நான் பையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நீங்களே போங்க அத்தை, எனக்கு அந்த மருந்து வாடையெல்லாம் ஆகாது" என்றேன். வான்மதி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது அவளுக்கு?

உள்ளே இருட்டு. டாக்டரம்மா அவள் வயிற்றில் பசையைத் தடவினார். சுவரில் ஒரு டிவி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தியமாக மூடிக்கொண்டேன். குதிரை ஓடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதுதான் இதயம் என்றார் டாக்டர். என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.

"கண்ணைத் தெறங்க்கா" என்றாள், தலையைத் திருப்பாமலே.

"வேண்டாம் வான்மதி."

"ஊரான் ஊட்டுப் புள்ளைங்க பனியனையெல்லாம் வெளக்குல பிடிச்சுப் பாக்கறீங்க. நம்மூட்டுப் புள்ளையைப் பாக்க மாட்டீங்களா? தெறங்க்கா."

திறந்தேன். கறுப்பில் வெள்ளையாக ஒரு தலை. கோத்து வைத்தது மாதிரி முதுகெலும்பு. ஒரு கை வாய்க்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் கூடவே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் அவர் பேசாமல் கொஞ்சம் அதிக நேரம் நிற்க, "அங்க என்னங்க?" என்று அதட்டியே விட்டேன். சிறுநீரகம், நன்றாக இருக்கிறது என்றார். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. வயிற்றில் அந்தச் சுரீர் வருகிறதா என்று என்னையும் ஒரு பக்கம் வேவு பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. நாளைக்கு வரலாம். இன்றைக்கு வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, சந்தோஷம் மட்டும்தான். இதை எழுதும்போது யாருக்காகவும் நடிக்கவில்லை.

அப்புறம் வான்மதியைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வருமுன் டாக்டரிடம் பூனையைப் பற்றி நானே கேட்டேன். வளர்க்கலாம், மண் தட்டை மட்டும் கர்ப்பிணி தொடக்கூடாது என்றார். காரில் ஏறியதும் போத்தனூருக்குப் போன் போட்டேன். அந்தக் குட்டிகள் எப்போதோ போய்விட்டனவாம். அடுத்த ஈத்து இரண்டு ஜாதியிலும் பிறந்து பத்து நாள் ஆகிறதாம். "இப்பவாவது முடிவு பண்ணிட்டீங்களாம்மா? எது?" என்று கேட்டார்.

நான் வான்மதியைப் பார்த்தேன். "உனக்குப் புடிச்ச பெர்ஷியனே இருக்கட்டும். கொழந்தை தூங்கற எடத்துல சத்தம் இருக்காது" என்றேன்.

"சயாமீஸ்தானுங்க்கா. கொழந்தை அழுதா அதுவும் சேந்து கத்தட்டும். நம்மூட்ல இனிமேலு யாரும் வாயை மூடிட்டு இருக்க வேண்டாம்."

"தூக்கம் கெட்டா என்னையச் சொல்லக்கூடாது."

"சொல்லுவேன்" என்றாள்.

முன் சீட்டில் இருந்த அத்தை ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தார். போனில் மெஹருன்னிசா அம்மா இன்னும் காத்துக்கொண்டிருந்தார். சயாமீஸ் என்று சொன்னேன். மண் அள்ளப்போவது யார் என்று கேட்டார். நான்தான், நான் அந்த வீட்டிலேயேதான் இருப்பேன் என்றேன்.